வாசலில் நின்று ஸலாம் சொல்லுங்கள்

யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து வாரத்தில் ஒரு நாள் பருத்தித்துறை வீதியால் நெல்லியடி, கரவெட்டி வரை சென்று அழகுசாதனப் பொருட்களை விநியோகிக்கும் சகோதரர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வியோடு வந்தார். கேள்வி அவருடையதல்ல. அவரிடம் கடனுக்குச் சரக்கு எடுக்கும் கரவெட்டிப் பெண்மணி ஒருவருடையது. வீட்டின் முன் அறையில் அழகு நிலையம் நடத்துபவர் அவர். "நானா, என்ர கொப்பியில முந்நூறு பேற்ற விலாசம் கிடக்கு. கன பேர் வெளிநாட்டாக்கள். ஒருக்கா வந்தவை அடுத்த முறை வேற இடத்துக்குப் போகினம். எல்லாருக்கும் ஒரு ஈமெயில் அடிச்சா என்ன?" என்று கேட்டிருக்கிறார். சகோதரருக்கு விடை தெரியவில்லை. ஆனால் அக்கறை இருக்கிறது. அந்தக் கொப்பியில் உள்ளவர்கள் திரும்பி வந்தால்தான் இவருடைய இரண்டு மாதக் கடன் அடைபடும்.

அழகு நிலையத்துக்கும் எமக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். மணப்பெண்ணை அலங்கரிப்பவர் பிழைத்தால் புடைவைக் கடை பிழைக்கும், நகைக் கடை பிழைக்கும், வளையலும் வாசனைத் திரவியமும் விற்கும் எமது பென்சிக் கடைகளும் பிழைக்கும். அதோடு, எமது சகோதரிகள் பலரும் இன்று வீட்டிலிருந்தபடியே மருதாணி இடுதல், மணப்பெண் அலங்காரம் என்று தொழில் செய்கிறார்கள். ஆகவே அந்தப் பெண்மணிக்குச் சொல்லும் பதில் எமக்கும் உரிய பதில்தான்.

என் பதில் இதுதான்: மின்னஞ்சல் அனுப்பலாம், அனுப்பத்தான் வேண்டும். ஆனால் முந்நூறு பேருக்கும் அல்ல. அனுமதி தந்தவர்களுக்கு மட்டும்.

யாருக்கு மின்னஞ்சல், யாருக்குத் தொலைபேசி?

கரவெட்டியில் ஓர் அழகு நிலையத்துக்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். புருவம் திருத்தவும் பேஷியல் செய்யவும் தலைமுடி வெட்டவும் வருகின்ற அயலவர்கள் முதல் வகை. இவர்களுக்கு மின்னஞ்சல் தேவையே இல்லை. சந்தையில் காணும்போது ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் தொலைபேசியில் ஒரு வார்த்தை போதும். பக்கத்து வளவில் இருப்பவருக்குக் கடிதம் போடுவது வீண் வேலை.

இரண்டாவது வகை, வடமராட்சியில் வேரும் டொரன்டோ, லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, சிட்னி என்று கிளையுமாக இருக்கும் குடும்பங்கள். திருமணத்துக்கும் சாமத்திய வீட்டுக்கும் ஊருக்கு வருபவர்கள். பெரும்பாலும் பிள்ளைகளின் கோடை விடுமுறையை ஒட்டி ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில்தான் வருவார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் பெரும்பாலும் அந்தக் காலத்தை ஒட்டித்தான் வரும். ஆடி மாதத்தில் இந்துக்கள் திருமணம் வைப்பதில்லை. ஆகவே ஆனியின் கடைசியிலும் ஆவணியிலும் ஒரு சில நல்ல நாட்களுக்குள் எல்லாத் திருமணங்களும் நெருக்கியடித்துக்கொண்டு வரும். ஒரு முகூர்த்த நாளில் ஓர் அலங்காரக்காரர் எத்தனை மணப்பெண்களைத்தான் பார்க்க முடியும்?

அந்த நாட்களைப் பிடிப்பதற்கான போட்டி ஜூலையில் நடப்பதல்ல. வெளிநாட்டிலிருக்கும் பெண் ஜனவரி, பெப்ரவரியிலேயே மண்டபம் தேடுகிறாள், சேலை பார்க்கிறாள், அலங்காரத்துக்கு ஆள் விசாரிக்கிறாள். அந்த வேளையில் எமது கரவெட்டிப் பெண்மணியின் பெயர் அவள் கண்ணில் பட்டால் ஓடர் இங்கே வரும். படாவிட்டால், பேஸ்புக்கில் அன்று யாருடைய படம் வந்ததோ அவரிடம் போகும்.

இந்த இடத்துக்குத்தான் மின்னஞ்சல் பொருந்துகிறது. டொரன்டோவுக்கும் எமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை மணி. லண்டனுக்கு நாலரையும் ஐந்தரையும். நாங்கள் கடை திறக்கும் நேரம் அவர்கள் படுக்கைக்குப் போகும் நேரம். நேரம் தெரியாமல் தொலைபேசி எடுத்தால் தூக்கத்தைக் கெடுத்த பாவம்தான் மிஞ்சும். மின்னஞ்சல் அப்படியல்ல. அது பொறுமையாகக் காத்திருக்கும். அவர் வேலை முடிந்து வந்து தேநீர் குடித்துக்கொண்டு படிப்பார், தாய்க்கும் தங்கைக்கும் காட்டுவார், ஒரு வாரம் யோசித்துப் பதில் போடுவார்.

வாடகைக் கடையும் சொந்தக் கொப்பியும்

"மின்னஞ்சல் பழைய சாமான், இப்போது எல்லாரும் வட்ஸ்அப்பில்தானே" என்று இளைஞர்கள் சொல்வார்கள். வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேசுவதற்கு அவை நல்லவை. ஆனால் அவை வாடகைக் கடைகள். கட்டடக்காரர் பூட்டினால் எமக்கு உள்ளே போக வழியில்லை.

எமது சமூகத்துக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் திகன, கண்டிப் பகுதிகளில் எமது கடைகளும் வீடுகளும் எரிந்த நாட்களில் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் நாட்டில் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் மீண்டும் முடக்கம். 2022 ஏப்ரலில் பொருளாதார நெருக்கடிக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கியபோது மேலும் ஒரு முறை. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி எந்த அரசும் தடுக்காமலேயே, அந்த நிறுவனத்தின் சொந்தக் கோளாறினால் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் இன்ஸ்டகிராமும் செயலிழந்தன. அந்த நேரங்களில் மின்னஞ்சல் தன் பாட்டில் போய்க்கொண்டுதான் இருந்தது. காரணம் எளிது. மின்னஞ்சல் ஒரு கம்பனியின் சொத்தல்ல. ஜீமெயில் வைத்திருப்பவர் யாஹூ வைத்திருப்பவருக்கு எழுதலாம். உங்களிடம் உள்ள முகவரிகளை எடுத்துக்கொண்டு நாளைக்கே வேறு சேவைக்கு மாறலாம்.

வாடிக்கையாளர் பட்டியலின் பெறுமதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் வர்த்தகருக்குத் தெரியும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசத்தில் நகரத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது கடையும் சரக்கும் மட்டுமா பின்னால் நின்றன? யாருக்கு என்ன விற்றோம், யார் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்குகளும் அல்லவா நின்றன. 2002இல் ஏ9 பாதை திறந்த பின்னரும், 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் திரும்பி வந்து கடை போட்டவர்கள் பலருக்கு வாடிக்கையாளரை முதலிலிருந்து தேட வேண்டியதாயிற்று. ஆகவே சகோதரர்களே, வாடிக்கையாளர் கொப்பிக்கு ஒரு பிரதி எடுத்து வேறோர் இடத்தில் பாதுகாப்பாக வையுங்கள். மின்னஞ்சல் பட்டியலின் முதல் இலாபம் அதுதான்.

அனுமதி கேட்பது எமக்குப் புதிதா?

வாடிக்கையாளரின் அனுமதி பெற்ற பின்னரே விளம்பரம் அனுப்ப வேண்டும் என்ற கொள்கைக்கு மேல்நாட்டில் "பெர்மிஷன் மார்க்கெட்டிங்" என்று பெயர். அமெரிக்கரான சேத் கோடின் 1999இல் அந்தத் தலைப்பில் எழுதிய நூலால் அது பிரபலமானது. அதற்கு முன்னர் நிலைமை வேறு. 1978 மே மாதத்தில் அமெரிக்கக் கணினி நிறுவனமொன்றின் விற்பனையாளர் தமது புதிய கணினிகளைப் பற்றிச் சுமார் 400 பேருக்குக் கேளாமலே ஒரே மடலை அனுப்பினார். குப்பை மடல் வரலாற்றின் தொடக்கமாக அதையே சொல்கிறார்கள். வாங்கியவர்களும் இருந்தார்கள், ஏசியவர்களும் இருந்தார்கள். அன்று தொடங்கிய தொல்லை இன்னும் ஓயவில்லை.

ஆனால் எமக்கு இந்த ஒழுக்கம் 1999இல் வந்ததல்ல. ஸூரத்துந் நூரின் 27ஆம், 28ஆம் வசனங்கள் பிறர் வீட்டுக்குள் நுழையும் முறையைக் கற்றுத் தருகின்றன. அனுமதி கேட்டு, வீட்டாருக்கு ஸலாம் சொல்லாமல் நுழையக் கூடாது. திரும்பிப் போங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும், அதுவே தூய்மையானது. அபூ மூஸா அல்அஷ்அரீ (ரழி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது: மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும்.

ஒருவருடைய மின்னஞ்சல் பெட்டியும் அவருடைய வீடுதான். அதன் வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டும், யார் என்று பெயர் சொல்ல வேண்டும், "வேண்டாம்" என்றால் முகம் சுளிக்காமல் திரும்ப வேண்டும். மூன்று மடலுக்கும் பதிலே இல்லையென்றால் அந்தப் பெயரை ஒதுக்கிவிட வேண்டும். இந்த ஒழுக்கத்தைக் கடைப்பிடிக்கும் வர்த்தகர் சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

சட்டமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. எமது நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், விளம்பரச் செய்தி அனுப்ப ஒருவரின் சம்மதம் வேண்டும் என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. கரவெட்டிப் பெண்மணியின் வாடிக்கையாளர்கள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பதால் அந்த நாட்டு வழக்கத்தையும் அறிந்திருப்பது நல்லது. கனடாவில் 2014 ஜூலையிலிருந்து கடுமையான சட்டம் இருக்கிறது. அனுப்புபவர் தம்மை அடையாளம் காட்ட வேண்டும். நிறுத்தச் சொன்னால் பத்து வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும். முன்பு பொருளோ சேவையோ வாங்கியவருக்கு இரண்டு ஆண்டு வரையும், விசாரித்து மட்டும் போனவருக்கு ஆறு மாதம் வரையும், சொல்லாத சம்மதம் இருப்பதாகக் கொள்ளலாம். அதற்கு மேல் வெளிப்படையான சம்மதம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 மே 25 முதல் அமுலில் உள்ளன.

அமானிதம்

இங்கே என் வீட்டில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். எமது குடும்பத் திருமணம் ஒன்றில் மணப்பெண்ணை அலங்கரிக்க ஓர் அழகு நிலையத்தாரை அழைத்தோம். பெண்கள் மட்டும் இருந்த அறை. வேலை நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அவர்கள் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார்கள். பிள்ளையும் தடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்தப் படம் "எமது மணப்பெண்" என்ற தலைப்போடு முகம் தெரியாதவர்களின் தொலைபேசிகளில் சுற்றியது. ஹிஜாப் அணியும் பிள்ளை. அவளுடைய கணவர் தன் வேலைத்தலத்தில் இன்னொருவரின் தொலைபேசியில் அதைக் கண்டார். அந்த வீட்டில் அன்று நடந்ததை நான் எழுதப் போவதில்லை. படத்தை அனுப்பியவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பெண் அழகு நிலையத்தில் கொடுப்பது காசு மட்டுமல்ல. முகவரி கொடுக்கிறாள், திருமணத் திகதி கொடுக்கிறாள், தோலில் என்ன குறை, தலைமுடியில் என்ன குறை என்று தாய்க்கு மட்டும் சொல்வதையும் சொல்கிறாள். இவை எல்லாம் அமானிதம். அமானிதங்களை அவற்றுக்குரியவர்களிடம் ஒப்படைக்குமாறு குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 58ஆம் வசனம் பணிக்கிறது. நபித்துவத்துக்கு முன்பே மக்காவாசிகள் முஹம்மத் (ஸல்) அவர்களை "அல்அமீன்" என்று அழைத்தார்கள். அந்தப் பெயரின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் நாம் வாடிக்கையாளரின் பட்டியலைப் பக்கத்துக் கடைக்காரருக்குக் காசுக்கோ நட்புக்கோ கொடுக்கலாமா? முகவரிக்கு ஓர் அனுமதி, படத்துக்குத் தனியாக வேறோர் அனுமதி என்று இரண்டையும் பிரித்துக் கேட்க வேண்டும். முஸ்லிம் பெண்ணானாலும் இந்துப் பெண்ணானாலும் மானம் மானம்தான்.

செய்யும் முறை

இனி வேலைக்கு வருவோம். கொப்பியில் ஆறு நிரல் போடுங்கள்: பெயர், மின்னஞ்சல், நாடு, செய்த வேலை, திகதி, "மடல் அனுப்பலாமா?" என்ற கேள்விக்குப் பதில். கடைசி நிரலில் "ஆம்" இல்லாதவருக்கு எதுவும் போகக் கூடாது.

ஆண்டில் நான்கு மடலுக்கு மேல் வேண்டாம். வேலை முடிந்த வாரத்திலேயே நன்றி சொல்லி ஒன்று. ஜனவரியில், அந்த ஆண்டு எந்த நாட்கள் இன்னும் கிடைக்கும் என்று ஒன்று. ஊருக்கு வருவதற்கு முன் பயனுள்ள தகவல்களோடு ஒன்று. பெருநாளோ தைப்பொங்கலோ, அவரவர் பண்டிகைக்கு ஒரு வாழ்த்து. ஜனவரி மடல் இப்படி இருக்கலாம்:

"அன்புள்ள தங்கச்சி, நலமா? கரவெட்டியிலிருந்து எழுதுகிறேன். போன ஆவணியில் உங்கள் திருமணத்துக்கு அலங்காரம் செய்தேன், நினைவிருக்கும். இந்த முறை ஆனி, ஆவணி முகூர்த்தங்களில் ஐந்து நாட்கள் இன்னும் இருக்கின்றன. உங்கள் சொந்தத்தில் யாருக்கும் தேவையென்றால் மார்ச் முடிவதற்குள் அறிவித்தால் நாளை ஒதுக்கி வைக்கலாம். இனி மடல் வேண்டாம் என்றால் ஒரு சொல் எழுதுங்கள், நிறுத்திவிடுகிறேன்."

இதில் அலங்கார வார்த்தை இல்லை. "ஐம்பது வீதக் கழிவு" என்ற பொய்யும் இல்லை. விலையைக் கூட்டி எழுதிவிட்டுக் குறைப்பதாகச் சொல்வது வியாபாரமல்ல, ஏமாற்று.

பயனுள்ள தகவல் என்றால் என்ன? தலைமுடிக்கு நிறம் பூசுவதற்கு 48 மணி நேரம் முன்னர் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ சிறிது பூசிப் பார்க்க வேண்டும், ஒவ்வாமை இருந்தால் அதில் தெரியும். "கறுப்பு மருதாணி" என்று விற்பவற்றில் பிபிடி என்னும் சாய இரசாயனம் கலந்திருப்பதுண்டு, அது தோலைப் புண்ணாக்கும். இயற்கை மருதாணி இட்ட அன்றே முழு நிறம் காட்டாது, ஓரிரு நாளில்தான் கறுத்துச் சிவக்கும், ஆகவே கல்யாணத்துக்கு முதல் நாளோ அதற்கு முதல் நாளோ இட வேண்டும். புதிய பேஷியலைக் கடைசி வாரத்தில் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது. இப்படி ஒரு மடல் வந்தால் அந்தப் பெண் அதை அழிக்க மாட்டாள், தோழிக்கு அனுப்புவாள். விளம்பரம் செய்யாமலே விளம்பரம் நடக்கும்.

ஒரே மடலைப் பலருக்கு அனுப்பும்போது எல்லா முகவரிகளையும் "டு" என்ற இடத்தில் போட்டுவிடாதீர்கள். ஒருவருடைய முகவரி மற்ற எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதுவும் அமானித மோசடிதான். "பிசிசி" என்ற இடத்தில் போடுங்கள். சாதாரண ஜீமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேர் என்ற எல்லை உண்டு. தொகை கூடினால் மெயில்சிம்ப் போன்ற சேவைகள் இருக்கின்றன. "நிறுத்து" என்று அழுத்தியவரை அவை தாமாகவே நீக்கிவிடும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து கூகுள் பெரிய அளவில் மடல் அனுப்புபவர்களுக்கு ஒரு விதி வைத்திருக்கிறது. "இது குப்பை" என்று முறையிடுவோர் ஆயிரத்துக்கு மூன்று பேரை எட்டக் கூடாது. அந்த விதி முக்கியமாக நாளொன்றுக்கு 5,000 மடல் அனுப்புபவர்களைக் கருதியது, கரவெட்டிக் கடை போன்ற சிறியவர்களை அல்ல. ஆனாலும் அந்த அளவுகோலை எமது கொப்பிக்கு வைத்துப் பார்த்தால், முந்நூறு பேரில் ஒரே ஒருவர் கோபத்தில் அந்தப் பொத்தானை அழுத்தினாலே எல்லை தாண்டிவிடும். அனுமதி இல்லாத ஒருவரால், அனுமதி தந்தவர்களுக்குப் போகும் மடலும் குப்பைக் கூடைக்குள் விழக்கூடும்.

எழுத்தில் இருக்கட்டும்

கடைசியாக ஒன்று. முற்பணம் வாங்கும்போது திகதி, வேலை, தொகை, நிகழ்வு தள்ளிப்போனால் என்ன செய்வது என்பவற்றை மின்னஞ்சலில் எழுதி, மறுபக்கத்தின் "சரி" என்ற பதிலையும் பெற்று வையுங்கள். தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம். எமது நாட்டில் 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னணு ஆவணங்களுக்கு அங்கீகாரம் தருகிறது. கொரோனாக் காலத்தில் நிகழ்வுகள் தள்ளிப்போனபோது, வாய்ப்பேச்சில் வாங்கிய முற்பணங்கள் எத்தனை சொந்தங்களைப் பகையாக்கின என்பதை நாம் கண்டோம்.

விநியோகச் சகோதரருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். "அந்த அக்காவை முதலில் முப்பது பேரைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். கடந்த இரண்டு ஆண்டுக்குள் வந்தவர்கள், மனநிறைவோடு போனவர்கள். அந்த முப்பது பேருக்கும் ஆளுக்கொரு மடலாகப் பெயர் சொல்லி எழுதி, தொடர்ந்து எழுதலாமா என்று கேட்கச் சொல்லுங்கள். பத்துப் பேர் சம்மதித்தாலும் போதும். ஒரு மணப்பெண் வந்தால் அவளோடு தாய், தங்கை, மச்சாள் என்று நாலு பேர் வருவார்கள்." சகோதரர் சிரித்தார். "அப்ப என்ட கடன்?" என்றார். "நீங்களும் உங்கள் கடைக்காரர்களுக்கு இப்படி எழுதிப் பாருங்களேன்" என்றேன்.

புடைவை விற்பவரும் நகை செய்பவரும் பயண முகவரும் இதைச் செய்யலாம். தொழில் எதுவானாலும் முறை ஒன்றுதான். வாசலில் நின்று ஸலாம் சொல்லுங்கள். கதவு திறந்தால் உள்ளே போங்கள், திறக்காவிட்டால் மனவருத்தமின்றித் திரும்புங்கள். அல்லாஹ் எமது தொழில்களில் பரக்கத் செய்வானாக.